வெட்டிய வரிகளில் கிடந்த வழி

பிரேமிளாவை வழி தவற வைத்தது காடு அல்ல, நாங்கள். ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் கொண்டு திரிகிற, படித்த ஏழு பேர். அந்த ஏழில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிற உரிமையும் எனக்கு உண்டு, வெட்கமும் உண்டு.

பரந்தனில் தபாலகத்தில் வேலை செய்கிறேன். முப்பது வருடமாகக் கடிதங்களைத் தரம் பிரித்துப் பையில் போடுகிறவன். கவிதை எழுதுவது பின்னேரத்து வேலை. என் கவிதைகளில் என் மனைவிக்குப் பிடித்தது அவை சின்னதாக இருப்பது ஒன்றுதான்.

எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தலைவர் சுகிர்தன் சேர், தமிழ் ஆசிரியர். மாதத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடி, மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு மழையையும் மரத்தையும் பற்றி எழுதியதை வாசிப்போம். ஒரு மாதம் எட்டுப் பேரில் ஆறு பேர் நிலாவைப் பற்றி எழுதி வந்திருந்தோம். நேற்று இரவு நிலா என்ன அளவில் நின்றது என்று சேர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டவருக்கும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் எங்கள் எழுத்து நடை. மாதத்தின் முதல் ஞாயிறு நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள் நடப்பது, ஓரிடத்தில் இருந்து எழுதுவது, எழுதியதை அங்கேயே வாசிப்பது.

வழிகாட்ட ஆள் வேண்டும். நெடுங்கேணிச் சந்தையில் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சேர் பழம் இனிக்குமா என்று கேட்டாராம். அவள், "இந்தக் குவியல் குளக்கட்டு மரத்தது, காலை வெயில் படுகிற பக்கம், இனிக்கும். அந்தக் குவியல் மந்திகள் இருந்து கலைந்த மரத்தது, கொஞ்சம் முந்தி ஆய்ந்தது, நாளைக்குச் சாப்பிடுங்கோ" என்று சொன்னாளாம். சேர் பழத்தையும் வாங்கி ஆளையும் பிடித்துக்கொண்டு வந்தார். அவள்தான் பிரேமிளா. நாற்பத்திரண்டு வயது, கணவன் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர், ஒரு மகள் வவுனியாவில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோனது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களைத் தவிர மிச்சமெல்லாம் அந்தக் காட்டோரம்தான்.

அவள் எங்களைக் கூட்டிக்கொண்டு போகும் விதம் தனி. மரத்துக்கு மரம் நின்று பெயர் சொல்லமாட்டாள். ஓரிடத்தில் நின்று, "இதில கொஞ்சம் நில்லுங்கோ" என்பாள், அவ்வளவுதான். நாங்கள் நிற்போம். ஒன்றும் நடக்காது. பிறகு மெல்ல ஒரு வாசம் வரும், அல்லது மேலே ஏதோ கடிபடுகிற சத்தம் நின்றுபோகும். மந்திகள் எங்களைக் கண்டுவிட்டன என்று அர்த்தம். காட்டுக்குள் யானை என்ற சொல்லைச் சொல்லக்கூடாது, பெரியவர் என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே நுழையுமுன் ஐயனார் மரத்தடியில் ஆளுக்கொரு குழையை, இலையோடு ஒரு சின்னக் கொப்பை, முறித்து மரக் கவட்டில் தொங்கவிட வேண்டும். இந்த இரண்டும்தான் அவள் போட்ட சட்டம். அப்படி நடந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியதை வீட்டில் வாசித்தபோது என் மனைவி, "பிறகு?" என்று கேட்டாள். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் என் கவிதைக்கு விழுந்த முதல் கேள்வி அது. அன்றிலிருந்து நான் பிரேமிளாவின் ஆள்.

அவளுக்கு ஒரு வீம்பு உண்டு, வழி தவறமாட்டாள் என்பது. அதை எங்களிடம் மட்டுமல்ல, ஊரிடமே சொல்லி வைத்திருந்தாள். அதற்குக் காரணம் அவளுடைய அப்பா மூக்கன். எழுபத்தேழில் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை எரித்தபோது, இருபத்தொரு வயதில், ஒரு தகரப்பெட்டியோடு வன்னிக்கு வந்தவர். அடுத்த வருடம் விறகுக்குக் காட்டுக்குள் போனவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. ஊர் திரண்டு தேடப்போனது. மூன்றாம் நாள் காலையில் அவராக நடந்து வந்தார். அன்றைக்கு ஊர் வைத்த பட்டம் 'துலைஞ்ச மூக்கன்'. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது துலைஞ்ச மூக்கன்ர மகள். மகள் சந்தையில் பழம் விற்றபோதும் அதே பெயர்தான். மலையில் இருந்து வந்த சனத்துக்கு வன்னிக் காடு பிடிபடாது என்று சொல்ல ஊருக்கு அந்தப் பட்டம் வசதியாக இருந்தது. எங்களுக்கு வழிகாட்டத் தொடங்கியபோதும் சந்தையில் ஒருவர், துலைஞ்ச மூக்கன்ர மகளோட போறியள், சாப்பாட்டைக் கூடக் கட்டிக்கொண்டு போங்கோ என்று சேரிடம் சொல்லிச் சிரித்தாராம். ஒருமுறை, ஒரே ஒருமுறை அவள் வழி தவறினால் அந்தப் பட்டம் பேரப்பிள்ளைகள்வரை போகும். அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சரி, அந்த ஆனி மாத ஞாயிற்றுக்கு வருகிறேன்.

அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேர். முல்லைத்தீவுக் கரையில் இருந்து றோஸ்மேரியும் வந்திருந்தா. களப்பில் இறால் பிடிக்கிற குடும்பம், ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டுப் பேருந்து பிடித்து வருவா. எங்கள் எல்லோரிலும் குறைவாக எழுதுகிறவ அவாதான். நாலு வரி எழுதினால் அந்த மாதத்துக்குப் போதும்.

வழக்கமான பாதையில் புதுச் சாணம் கிடந்தது. ஆவி பறந்தது. பெரியவர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று பிரேமிளா கையால் காட்டினாள். குளத்துக்குப் போக இன்னொரு வழி இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள், போனதில்லை. கோடையில் ஊர் மாடுகள் மேய்ந்து மேய்ந்து காட்டுக்குள் நூறு தடம் போட்டிருக்கும். எல்லாத் தடமும் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் கண்ணிவெடி எடுத்து முடித்துப் எச்சரிக்கைப் பலகைகளையும் கழற்றி வருடக்கணக்காகிவிட்டது. ஆனாலும் எங்கள் வயதுக்காரரின் கால்கள் தடத்தை விட்டு இறங்க இன்னமும் யோசிக்கும். பிரேமிளா யோசித்துவிட்டு, கவலைப்படாதேங்கோ, நான் அடையாளம் போட்டுக்கொண்டு போறன் என்றாள். என்ன அடையாளம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வன்னியில் பிறந்த ஆட்களுக்கு இதைப் போய்ச் சொல்லுவதா என்று நினைத்திருப்பாள். எங்களைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்தது அவள் செய்த பிழை.

அன்றைக்குப் பார்த்து சேர் ஒரு புதுப் பயிற்சி கொண்டுவந்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முன்னால் போகிறவரின் முதுகு தெரிகிற தூரத்தில் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். வழியில் நம்மை அழைக்கிற ஒரு பொருளை, ஒன்றே ஒன்றை, எடுத்துவந்து குளத்தடியில் இருந்து அதைப்பற்றி எழுதவேண்டும். பிரேமிளா முன்னால் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் சேர், பிறகு மற்றவர்கள், நான் நடுவில், கடைசியில் றோஸ்மேரி.

நாலாவது கிளைத்தடத்தில் என்னை ஒரு பொருள் அழைத்தது. தரையில் ஒரு வீரைக் குழை, இலை வாடாமல், அப்போதுதான் முறித்த பச்சை மணத்தோடு, யாரோ எனக்காகவே வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. உண்மையில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துக் கொப்பிக்குள் வைத்தேன்.

குளத்தடியில் மருத மரங்களின் கீழே ஒரு மணித்தியாலம் எழுதினோம். அந்த ஒரு மணித்தியாலத்தைப் போல ஒரு சந்தோசம் எனக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. காற்று தண்ணீரில் நனைந்து வரும், பேனை தானாக ஓடும். எழுதி முடித்துக் கொப்பிகளையும் பொருட்களையும் பாயில் பரப்பினோம். தேத்தண்ணிப் போத்தலோடு வந்த பிரேமிளா பாயைப் பார்த்தாள். பாயில் ஏழு குழைகள் கிடந்தன. அவள் முகத்தில் இருந்து சிரிப்பு இறங்கிப்போனதை நான் பார்த்தேன்.

"இதுகளை எங்க எடுத்தனீங்கள்?"

வழியில் என்றோம், பெருமையாக.

அவள் பாயில் இருந்துவிட்டாள். ஒவ்வொரு கிளைத்தடத்திலும் அவள் ஒரு குழை முறித்துப் போட்டிருந்தாள். முறிந்த பக்கம் வீட்டுப் பக்கம், இலைப் பக்கம் காட்டுப் பக்கம். குழை போட்டால் மனதில் வைக்கத் தேவையில்லை, அதனால் அவள் மனதில் வைக்கவுமில்லை. எட்டுக் கிளைக்கு எட்டுக் குழை. முதல் குழையை சேர் எடுத்தார். இரண்டாவதைக் கண்டபோது அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது, ஆகவே அவருக்குப் பின்னால் வந்தவர் எடுத்தார். பிறகு அடுத்தவர். இவ்வளவு ஒழுங்காக நாங்கள் வேறெந்தக் காரியமும் செய்ததில்லை. கைத்தொலைபேசிகளை எடுத்தோம். ஒன்றிலும் அலை இல்லை.

மணி இரண்டரை. நாலு மணிக்குப் பெரியவர் குடும்பத்தோடு தண்ணீர் குடிக்க வருவார். அங்கேயே இருக்கமுடியாது. மாட்டுத் தடங்களில் கண்டபடி இறங்கவும் முடியாது. பிரேமிளா எங்களைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தன்பாட்டில், "அப்பாவைச் சொன்ன வாயள் இனி என்னையும் சொல்லும்" என்றாள்.

அப்போது றோஸ்மேரி வாய் திறந்தா. தான் ஒன்றும் எடுக்கவில்லை என்றா. கடைசிக் கிளையில் ஒரு குழை கிடந்ததைக் கண்டாவாம். களப்பில் ஒருவர் நட்ட தடியை இன்னொருவர் தொடுவதில்லை, அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். இதற்கும் ஏதோ இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டு வந்தாவாம். எழுதியது மட்டும் இருக்கு என்று கொப்பியைத் திறந்து வாசித்தா. வாடாத பாலைக் குழை ஒன்று. பட்ட மரத்துக்கும் பாறைக்கும் நடுவே. முறிந்த நுனி பாறையைப் பார்க்கிறது. யாருக்கோ காத்திருக்கிறது. அவ்வளவுதான்.

பிரேமிளா எழும்பி நின்றாள். "எல்லாரும் வாசியுங்கோ" என்றாள்.

இதுவரை எத்தனையோ பேர் என் கவிதையைக் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவரும் கேட்டதில்லை. சேர்தான் முதலில் வாசித்தார். காடே, என் தாயே என்று தொடங்கி, உடைந்த உன் விரலை என் நெஞ்சில் ஏந்தினேன் என்று போய், யுகங்களின் கண்ணீரில் முடித்தார். வழக்கமாக நாங்கள் கை தட்டுகிற இடம். பிரேமிளா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சேர், அந்த விரல் எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தது?" என்றாள். சேருக்குத் தெரியவில்லை. அடுத்தவரின் குழை விடுதலையைப் பற்றிப் பேசியது. அதற்கடுத்தது ஒரு பிரிந்த காதலி. என்னுடையது மனிதனின் தனிமை. நான் வாசித்து முடித்தேன். முப்பது வருடத்தில் விலாசம் எழுதாத கடிதங்கள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து நான் முழித்த முழி இப்போது அவள் முகத்தில் இருந்தது.

அவள் என் கொப்பியை எட்டிப் பார்த்தாள். "இதென்ன, கீறி விட்டிருக்கிறியள்?"

அது ஒன்றுமில்லை, சும்மா தொடக்கத்தில் எழுதி வெட்டியது என்றேன்.

"வெட்டின வரியளை வாசியுங்கோ, பாலன் அண்ணை."

வெட்கத்தோடு வாசித்தேன். இரட்டை வாய்ப் புற்று. இடப்பக்கம் வீரைக் குழை. முறிந்த இடத்தில் சிவப்பு எறும்பு, புற்றுப் பக்கமாக. மிகச் சாதாரணமாக இருக்கிறதே என்று நானே வெட்டிப்போட்ட மூன்று வரி.

பிரேமிளா சிரித்தாள், பாயைப் பார்த்த பிறகு முதல் தடவையாக. "புற்றுப் பக்கம் வீட்டுப் பக்கம்" என்றாள்.

அதன் பிறகு எல்லோரும் கொப்பியைத் திருப்பி, வெட்டியதைத் தேடினோம். எல்லோரிடமும் இருந்தது. விடுதலைக்கு முன்னால் ஒரு வளைந்த முதிரை மரம் இருந்தது. காதலிக்கு முன்னால் யாரோ விட்டுப்போன ஒரு செருப்பு. பார்த்ததை முதலில் எழுதியிருந்தோம், பிறகு அது போதாதென்று அதன்மேல் கோடு கீறிக் கவிதை செய்திருந்தோம். சேரிடம் மட்டும் ஒன்றும் இல்லை. அவர் வெட்டுவதே இல்லை. அவருக்கு முதல் வரியில் இருந்தே கவிதைதான் வரும்.

மூன்றரைக்கு நடக்கத் தொடங்கினோம். பட்ட மரத்துக்கும் பாறைக்கும் நடுவே றோஸ்மேரியின் குழை அப்படியே கிடந்தது. அதைச் சுற்றி நின்று, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். பிறகு செருப்பு வந்தது, வளைந்த முதிரை வந்தது. ஒவ்வொரு கிளையிலும் அதற்குரியவர் முன்னால் வந்து தன் வரியை வாசிப்பார். பிரேமிளா திசையைக் காட்டுவாள். பிறகு அவர் தன் குழையைப் பழையபடி முறிந்த நுனி வீட்டைப் பார்க்க வைப்பார். என் புற்றடியில் நானும் வாசித்தேன். எழுதிய சொல் ஒன்று தரையில் அப்படியே இருப்பதைக் காண்பது எவ்வளவு பெரிய சந்தோசம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

முதல் கிளைதான் கடைசி. சேருடைய இடம். மூன்று தடம் பிரிந்தது. மூன்றும் ஒரே மாதிரி. வெயில் சாய்ந்துவிட்டது. தூரத்தில் எங்கோ கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அதை முறிப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சேர் வியர்த்துப்போய் நின்றார். தாய், விரல், யுகம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

பிரேமிளா கொப்பியை மெல்ல வாங்கி மூடினாள். "கவிதையை விடுங்கோ சேர். எடுக்கேக்குள்ள உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கோ."

"குனிஞ்சனான். கண்ணாடி விழுந்திட்டுது" என்றார் சேர். "எடுக்கப் போக முள்ளுக் கிழிச்சுப் போட்டுது. ஒருத்தரும் காணேல்லை எண்டு நினைச்சு, சந்தோசப்பட்டன்."

அவர் சட்டைக் கையில் ஒரு கிழியல் இருந்தது. பிரேமிளா மூன்று தடத்தின் வாயிலும் குனிந்து குனிந்து பார்த்தாள். நடுத்தடத்தின் ஓரத்துச் சூரைப் பற்றையில், முள்ளின் நுனியில், நீல நிறத்தில் ஒரு நூல் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் சேரின் மிகச் சிறந்த வரி அதுதான் என்று றோஸ்மேரி சொன்னா. சேர்தான் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தார்.

ஐந்து மணிக்கு ஐயனார் மரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். காலையில் நாங்கள் தொங்கவிட்ட குழைகள் அங்கே வாடிக் கிடந்தன. அங்கேயே நின்று சத்தியம் செய்தோம், இன்று நடந்ததை ஒருவரும் வெளியே சொல்வதில்லை என்று. பிரேமிளா தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

முற்றத்து வேப்பமரத்தின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மூக்கன் இருந்தார். மெலிந்த மனிதர், தொடையில் வானொலிப்பெட்டி. நாங்கள் இருந்து முதல் மிடறு குடிக்கவில்லை, சத்தியத்தை முதலில் உடைத்தவள் பிரேமிளாதான். வெளியில் எங்களோடு வன்னிப் பேச்சுப் பேசுகிறவள் வீட்டுக்குள் அப்பாவின் மலையகத்துப் பேச்சுக்கு மாறிவிடுவாள்.

"அப்பா, இன்னைக்கு நான் காட்டுல தொலைஞ்சு போயிட்டேன்."

மூக்கன் வானொலியை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். பிறகு அந்த முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது.

"நீயுமா புள்ள?" என்றார். "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"நான் ரெண்டு நாளு" என்றார் மூக்கன், நெஞ்சை நிமிர்த்தி. நாற்பத்தாறு வருடமாகத் தனியே சுமந்த பட்டத்துக்குத் துணைக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இருமல் வரும்வரை சிரித்தார். பிரேமிளாவும் சிரித்தாள். பிறகு நாங்கள் எல்லோரும்.

சிரித்து ஓய்ந்ததும் றோஸ்மேரி, "ரெண்டு நாளும் என்ன பாத்தனீங்கள், ஐயா?" என்று கேட்டா.

மூக்கன் வானொலிப்பெட்டியைக் கீழே வைத்தார். எப்படித் துலைந்தாய் என்று ஊர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறது. என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை போலும். மகளும்கூட.

அவர் சொல்லத் தொடங்கினார். மெதுவாக, ஒன்றொன்றாக. இரவு ஒரு மரத்தில் ஏறி இருந்தாராம். விடிந்து பார்த்தால் அது பாலை மரம், கை எட்டுகிற இடமெல்லாம் பழம். கீழே ஒரு பெரியவரும் ஒரு குட்டியும் அவரைப் பார்க்காமல் போனார்களாம், குட்டி பின்னங்காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டு நின்றதாம். தோட்டத்தில் விடியக் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். வன்னிக்கு வந்த பிறகும் அது காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்ததாம். அன்றைக்கு அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தப்புச் சத்தம் இல்லாமல் விடிந்ததை அங்கே இருந்து பார்த்தாராம்.

"தேயிலச் செடிய இடுப்புக்கு மேல வளர விடமாட்டாங்க. வெட்டிக்கிட்டே இருப்பாங்க. யாரும் வெட்டாத மரத்த நான் அன்னைக்குத் தான் பாத்தேன்." மகளின் பக்கம் திரும்பினார். "ரெண்டாம் நாளு விடிஞ்சப்பவே வழி தெரிஞ்சிருச்சு புள்ள. மாட்டு மணி கேட்டுச்சு. நான் தான் வரல."

பிரேமிளா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ஏன் இதை ஊருக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் வேலைக்குக் கள்ளம் போட்டவன் என்பார்கள், அதற்குத் துலைந்தவன் என்ற பெயர் பரவாயில்லை என்றார் அவர்.

"அப்போ நீங்க தொலைஞ்சது ஒரு நாளு தான்" என்றாள் பிரேமிளா.

"ஆமா" என்றார் மூக்கன். "இன்னொரு நாளு என்னோடது."

நாங்கள் கொப்பிகளைத் திறந்தோம். சேர்தான் முதலில் திறந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம், பழத்தின் பால் உதட்டில் ஒட்டியதையும், குட்டி நின்ற பக்கத்தையும், மாட்டு மணி எந்தத் திசையில் கேட்டது என்பதையும். ஒருவரும் ஒரு வரியையும் வெட்டவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைவூட்ட வேண்டிய தபால்காரன் நான்தான். நானும் எழுதிக்கொண்டிருந்தேன்.